கரி அள்ளியவரின் பினாங்கு

சிராங்கூன் சாலையில் நான் இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொடுத்த நாட்களில், கப்பல் அடுப்பில் கரி அள்ளிப்போட்ட ஒருவர் வந்தார். புருவம் கருகியிருந்தது, பேசும்போது கண்ணைச் சுருக்கிக்கொள்வார். வெள்ளைக்காரர்களுக்கு ஊர் சுற்றிக்காட்டும் வேலை வேண்டுமாம்.

கப்பலில் போன கொழும்பு எப்படியிருந்தது என்று இங்கிலீஷில் கேட்டேன். “ஹாட், சார்.” பினாங்கு? “ஹாட், சார்.”

“பார்த்த காட்சியைச் சொல்லணும். மலை, மரம்…”

“கப்பலுக்கு அடியில கிடந்தேன் வாத்தியாரே. எதையும் பாக்கல.”

பினாங்கு மலையைப் பற்றி நான்கு வாக்கியம் எழுதிக்கொடுத்தேன். மனப்பாடம் செய்தார்; வேலையும் கிடைத்தது. அதைச் சொல்ல வந்தவர் வாசலிலேயே நின்றார்.

“நீங்க எழுதின மலை தினம் கனவுல வருது. என்னோட சேந்து கரி அள்ளிச் செத்தவங்க எல்லாம் அதுல உக்காந்திருக்காங்க. அப்படியொரு மலை இருக்குல்ல?”

“இருக்கு” என்றேன். நானும் அதைப் பார்த்ததில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.