பெரிய டயரும் ஒரு படிக்கல்லும்

மார்த்தாண்டம் தாண்டி எங்கள் வீட்டுக்கு ஏறுகிற வழியில், ரப்பர் தோட்டம் முடிகிற இடத்தில், ஒரு பாறை குறுக்கே கிடக்கிறது. ஒவ்வொரு மழைக்கும் சுற்றியுள்ள மண் கரைந்து, பாறை விரல்கடை அளவு கூடுதலாக வெளியே வரும். "இது பாறையில்ல மக்கா, முளைக்குது" என்பார் ரப்பர் வெட்ட வருகிற அண்ணன். ஓர் ஆனி மாதத்து மழையில் அது எனக்கும் விளங்கியது. என் சின்ன ஜீப் அதன்மேல் வயிறு இடித்து, என்ஜினுக்கு அடியில் இருந்த ஆயில் தொட்டி உடைந்து, வழி முழுக்க எண்ணெய்.

நாலு சக்கரமும் இழுக்கிற அந்த ஜீப்பை வாங்கியதே மனைவிக்காகத்தான். அவளுக்கு இடது முழங்கால் மடங்காது. ஆட்டோக்காரர்கள் பாறைக்குக் கீழேயே நின்றுகொள்வார்கள். ஞாயிறுதோறும் மயிலாடிக்குப் போய் அக்காவைப் பார்ப்பது ஒன்றுதான் அவளுக்கு வெளியே போகிற வழி. அக்காவுக்குக் கண் மங்கிவிட்டது, தனியாக பஸ் ஏறி வர முடியாது. இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு வாரத்துக் கதையைப் பேசித் தீர்ப்பார்கள். அதில்லாமல் இரண்டு ஞாயிறு போனது. மூன்றாவது வாரம், "இந்த ஞாயிறும் இல்லியா?" என்று மட்டும் கேட்டாள். ஆயில் தொட்டியை மாற்றிய கையோடு, பெரிய டயர் போட மார்த்தாண்டத்துக்கு வண்டியைக் கொண்டுபோனேன்.

டயர் கடைக்காரர் குனிந்து பார்த்தார். "மூணு இஞ்சு பெரிய டயரு போட்டா வண்டி ஒண்ணர இஞ்சுதான் பொங்கும் அண்ணா. மிச்ச ஒண்ணர மேல போயி மட்கார்ட தின்னும்."

"பின்ன என்ன செய்ய?"

"ஸ்பிரிங்குல இரும்புக் கட்ட வச்சு உயத்தணும். மட்கார்டு ஓரத்த வெட்டணும். பிரேக்கும் கொஞ்சம் தாமசிச்சுத்தான் பிடிக்கும், பைய ஓட்டணும்."

எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். பழைய டயர் நாலையும் அவரே எடுத்துக்கொண்டார். வேலை முடிகிற நேரத்தில் ஒன்று கேட்டார்: "வீட்டுல வயசான ஆளுவ ஏறுவாங்களா?"

"சே, நானும் பொண்டாட்டியும்தான்" என்றேன். அவளுக்கு அப்போது நாற்பத்தைந்துகூட ஆகவில்லை. வயசைக் கேட்டார், வயசைச் சொன்னேன். முழங்காலை அவரும் கேட்கவில்லை.

பாறையை வண்டி தொடாமல் தாண்டியது. முற்றத்தில் நிறுத்தி, ஊர் கேட்க ஹாரன் அடித்தேன். அவள் உடுத்து ஒருங்கி, அக்காவுக்கு அச்சு முறுக்கு டப்பாவோடு வந்தாள். முழங்கால் மட்டத்தில் இருந்த வண்டிப் படி இப்போது தொடைக்கு வந்திருந்தது. கைப்பிடியைப் பற்றி மூன்று தரம் எம்பிப் பார்த்தாள். "இதென்ன, ஆனையா?" என்று சிரித்தாள். பிளாஸ்டிக் ஸ்டூல் கொண்டுவந்து போட்டேன். ஈர மண்ணில் அதன் ஒரு கால் புதைந்து, அவள் பக்கவாட்டில் சரிந்தாள். நான் ஓடினேன்.

"தொடாதீங்க."

அந்தப் பெரிய டயரையே பிடித்துக்கொண்டு எழுந்தாள். முறுக்கு டப்பாவை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சின்ன டயர் என்றால் வண்டி அவளிடம் வராது. பெரிய டயர் என்றால் அவள் வண்டியில் ஏற மாட்டாள். நான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அக்காவின் புருஷன் மயிலாடியில் கல் கொத்துகிறவர். போனில் கேட்டுவிட்டு, "இதுக்கா கெடந்து முழிக்கிய? அளவச் சொல்லும்" என்றார். அடுத்த சனிக்கிழமை இரண்டு படி வைத்த கருங்கல் வந்து இறங்கியது. வழுக்காமல் இருக்க மேலே பொளிந்து சொரசொரப்பாக்கியிருந்தார். மறுநாள் காலை அதில் கால் வைத்து, ஒன்று, இரண்டு என்று ஏறி, சீட்டில் சாய்ந்தாள். வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தாள்.

மயிலாடியில் அக்கா வாசலில் நின்றிருந்தாள். நான் இறங்கி வந்து கதவைத் திறந்தேன். மனைவி ஒரு காலை வெளியே நீட்டினாள். கீழே பார்த்தாள். காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

சகலை தலையைச் சொறிந்தார். "கல்லு அங்ஙன கெடக்கு, இல்லா?"

ஏறுவதைப் பற்றி ஒரு வாரம் பேசிய எங்களில் ஒருவருக்கும் இறங்குவது ஞாபகம் வரவில்லை. பக்கத்துக் கொட்டகையில் சிலை கொத்திக்கொண்டிருந்தவர்கள் உளியை வைத்துவிட்டு எழுந்து வந்தார்கள். "அக்கா, நாங்க பிடிச்சு எறக்குதோம்."

"நான் என்ன சாமி செலையா, நாலு பேரு தாங்கி எறக்கதுக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள், அவளும்தான். கதவைப் பிடித்திருந்த கையை மட்டும் விடவில்லை.

"என்னட்டீ, எறங்காம இருக்க?" என்று அக்கா தடவிக்கொண்டே வந்தாள். முதலில் டயர்தான் கைக்குக் கிட்டியது. அதைத் தடவி, மேலே தடவி, இன்னும் மேலே தடவி, தங்கையின் கையைப் பிடித்தாள். "எம்மா, இம்புட்டுப் பொக்கமா?"

அப்படியே பேசினார்கள். டீ மேலே சீட்டுக்கே போனது. அக்காவுக்குக் கால் கடுக்குமே என்று நாற்காலி கொண்டுவந்து போட்டேன். உட்கார்ந்தால் கை எட்டவில்லை. திரும்ப எழுந்து நின்றாள். நிற்க முடிகிறவரை நின்றாள்.

கிளம்பும்போது சகலை, "இஞ்சயும் ஒரு கல்லு போட்டிருதேன்" என்றார்.

"வேண்டாம். ஆசுபத்திரி, கல்யாண வீடு, ஊரு முழுக்கப் போடுவியளா அத்தான்?"

திரும்பினோம். எங்கள் பாறையை வண்டி அலுங்காமல் தாண்டியபோதுதான் வாய் திறந்தாள். "அத்தான் கல்லு கொத்துத ஆளு. இந்தப் பாறையக் கொத்தச் சொல்லாம, எதுக்கு டயர மாத்தினிய?"

அன்று இரவே சகலைக்குப் போன் போட்டேன். அடுத்த வாரம் சகலை சுத்தியலோடு வந்து நாலு இடத்தில் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார். "இது கல்லு இல்ல, மலைக்க முதுகு. வெடி வைக்காம அசையாது. வெடி வச்சா உமக்க வீடு நிக்காது" என்று சொல்லி, சுத்தியலைச் சாக்கில் சுற்றிக்கொண்டார்.

இப்போது ஞாயிறு காலைகளில் அவள் வண்டியில் ஏறுவதில்லை, முற்றத்துப் படிக்கல்லில் உட்கார்ந்து அக்காவுக்குப் போன் போடுகிறாள். பக்கத்தில் நான் ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருப்பேன், வேறு வேலை இல்லாததுபோல.

"வண்டிக்கு ஒண்ணும் இல்ல அக்கா, நல்லா நிக்குது. முறுக்கு சுட்டேன், குடுத்து விடுதேன்."