அன்னாசி டின்னைத் தட்டிப் பார்த்தவன்

தோ பாயோவில் மூன்றறை வீடு. ஆங்கிலம் படித்து உத்தியோகத்துக்குப் போன மூன்று பிள்ளைகள். ஊரில் இரண்டு தங்கைகளுக்கும் கல்யாணம், அதுவும் நாதஸ்வரம் வைத்து. சிராங்கூன் ரோட்டுக் கோயிலில் அன்னதானம் என்றால் முதல் வாளி சாம்பார் என் கையில்தான் இருக்கும். இதெல்லாம் நான் உண்டாக்கியது. நாலாம் வகுப்பைத் தாண்டாத, ஆங்கிலத்தில் கையெழுத்தை மட்டும் போடத் தெரிந்த நான். ஆனால் இவை எல்லாவற்றையும்விடப் பெரிதாக ஒன்று உண்டாக்கினேன். புக்கித் தீமா பக்கத்து அன்னாசி ஃபேக்டரியில் சோதனைப் பகுதி என்று பின்னாளில் பலகை மாட்டினார்களே, அது என் காதிலிருந்து பிறந்தது.

என் பேரன் இன்று குளிர்சாதன அறையில் உட்கார்ந்து குவாலிட்டி அனலிஸ்ட் வேலை பார்க்கிறான். "தாத்தா, அடுத்தவன் செஞ்சதுல தப்புக் கண்டுபிடிக்கிற வேலை. தூக்கமே வரமாட்டேங்குது" என்கிறான். அந்தத் தூக்கமின்மை எனக்குப் பழக்கம். எனக்குச் சம்பளமே அதற்குத்தான் கொடுத்தார்கள்.

ஐம்பதுகளின் கடைசியில் அந்த ஃபேக்டரியில் தோல் சீவுகிறவனாகச் சேர்ந்தேன். அன்னாசிப் புளிப்பு விரல் தோலைத் தின்றுவிடும். சோறு பிசையும்போது கண்ணில் நீர் வரும். அங்கிருந்து என்னைத் தட்டுமேசைக்கு மாற்றினார்கள். மூடி, வேகவைத்து, ஆறவைத்த டின்கள் வரிசையாக வரும். நுனியில் சின்னக் குண்டு வைத்த கம்பியால் ஒவ்வொரு மூடியையும் தட்ட வேண்டும். இறுக்கமாக மூடிய டின் கணீரென்று சொல்லும். காற்றுப் புகுந்த டின் தொண்டை கட்டியவன் மாதிரி மொத்தென்று சொல்லும். அதை எடுத்து ஒதுக்கிவிட வேண்டும். அவ்வளவுதான் வேலை. எல்லா டின்னும் நன்றாக இருந்தால், இவனுக்கு எதற்குச் சம்பளம் என்பார்கள். ஒன்று கெட்டுப்போனால், இவன் எதற்கு இருக்கிறான் என்பார்கள். இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில்தான் நான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஓர் ஆயுத பூஜை. எங்கள் சீன முதலாளி, தவுக்கே என்று கூப்பிடுவோம், பூஜைக்குத் தடை சொன்னதில்லை. பொரி கடலை கொடுத்தால் வாங்கித் தின்பார். மூடி மடிக்கிற மெஷினை ஓட்டியவன் என் ஊர்ப் பக்கத்துப் பையன், என்னை அண்ணே என்பான். பக்தி கொஞ்சம் அதிகம். எல்லோரும் மெஷினுக்கு வெளியே பொட்டு வைத்தால், இவன் உள்ளே மூடி விளிம்பை அமுக்கி மடிக்கிற உருளைகளையே கழற்றி, புளி போட்டுத் தேய்த்து, சந்தனம் குங்குமம் வைத்து, தாம்பாளத்தில் சாமி படத்துக்கு முன்னால் அடுக்கியிருந்தான். வெள்ளி மாதிரி மின்னின. நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டு பொரி வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் மெஷின் ஓடியது. நானும் தட்டத் தொடங்கினேன். மதியத்துக்குள் என் காதுக்குச் சரியாகப் படவில்லை. சத்தம் மொத்தென்று இல்லை, கணீரென்றும் இல்லை. நடுவில் ஏதோ ஒன்று. எல்லா டின்னிலும் இல்லை, அங்கொன்றும் இங்கொன்றும். ஒதுக்கலாமென்றால் எதை ஒதுக்குவது? விடலாமென்றால் இந்தச் சரக்கு வாரக் கடைசியில் கப்பல் ஏறுகிறது. சுண்ணாம்புக் கட்டியை எடுத்து மொத்த அடுக்கின் மேலும் பெரிய குறுக்குக் கோடு போட்டேன்.

தவுக்கே வந்தார். கம்பியை வாங்கித் தானே தட்டிப் பார்த்தார். "எல்லாம் ஒரே சத்தம்தானே?" என்று மலாயில் கத்தினார். "கப்பல் என்ன உன் மாமனாருடையதா, உனக்காகக் காத்திருக்க?"

எனக்கு மலாய் அரைகுறை. அந்த அரைகுறையில் சொன்னேன். அடுக்கிலிருந்து சில டின்களை எடுத்து பாய்லர் அறையில் சூட்டில் வையுங்கள். சரக்கில் பழுது இருந்தால் டின் ஊதும். கப்பல் கிளம்பும்வரை பார்ப்போம். அப்படி வைத்துப் பார்க்கும் வழக்கம் அதுவரை அங்கே கிடையாது. எங்கிருந்து எனக்கு அந்த யோசனை வந்தது என்று கேட்டால், தேக்காவில் என் அறைக்குக் கீழே இருந்த மளிகைக் கடையில் அடுப்புப் பக்கம் வைத்த மீன் டின் ஊதிப்போனதைப் பார்த்திருக்கிறேன். பார்த்ததை மறக்காதவன் நான்.

தவுக்கே கம்பியை என் கையில் திருப்பிக் கொடுத்தார். "சரி. ஊதவில்லை என்றால் நீ திரும்பத் தோல் சீவப் போகணும்."

அதன்பிறகு என் காது என் பேச்சைக் கேட்கவில்லை. வீட்டில் டம்ளரைத் தட்டினேன், பால் டின்னைத் தட்டினேன். சத்தம் சரியாகத்தான் கேட்கிறதா, சளி அடைத்திருக்கிறதா? மூத்தவள் அப்போது கைக்குழந்தை. பழையபடி தோல் சீவப் போனால் அந்தச் சம்பளத்தில் ஊருக்கு என்ன அனுப்புவது, இங்கே என்ன தின்பது?

என் மனைவி அடுப்பிலிருந்து திரும்பிப் பார்த்தாள். "உலைமூடியையும் தட்டியாச்சு. என் தலை ஒண்ணுதான் பாக்கி. அதையும் தட்டிப் பாத்துடுங்க, காத்து பூந்திருக்கான்னு."

"சும்மா இரு லா. மனுசன் அவஸ்தையில இருக்கேன்."

"பூந்துதான் இருக்கும். இல்லன்னா ஒங்களைக் கட்டியிருப்பேனா?"

ஃபேக்டரியில் இன்னும் மோசம். நான் பாய்லர் அறைக்குப் போய் டின்னைத் தடவிப் பார்ப்பதைச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். "கோழி அடைக்கு உக்காந்திருக்கு, குஞ்சு எப்பப் பொரியும்?" என்று ஒருவன் கேட்டான். மெஷின்காரப் பையன் மட்டும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு உறைத்தது. தாம்பாளத்தில் மின்னிய உருளைகள் ஞாபகம் வந்தன. அவனைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"டேய், அந்த உருளையை யாருடா திருப்பி மாட்டுனது? ஃபிட்டரா?"

"ஃபிட்டருக்கு அன்னைக்கு லீவுண்ணே. நானே மாட்டிட்டேன்."

"அளவு பாத்தியா?"

"சாமிக்கு வச்சு எடுத்தது. அதுல என்னண்ணே கோளாறு வரப்போவுது?"

எனக்கு அழுவதா சிரிப்பதா தெரியவில்லை. காரணம் தெரிந்துவிட்டது, ஆனால் வாயைத் திறந்தால் அவன் வேலை போகும், பூஜையும் நின்றுபோகும். திறக்காவிட்டால், டின் ஊதாமல் போனால், என் தட்டுமேசை போகும். கெட்டுப்போ, கெட்டுப்போ என்று டின்னைப் பார்த்து வேண்டிக்கொண்ட ஒரே மனிதன் நானாகத்தான் இருப்பேன்.

கப்பலுக்குச் சரக்கு ஏற்ற லாரி வந்த காலை. தவுக்கே லாரிக்காரனிடம் கையைக் காட்டி, ஏற்று என்கிறார். நான் பாய்லர் அறைக்கு ஓடினேன். மூலையில் இருந்த ஒரு டின் மூடி தவளை வயிறு மாதிரி உப்பியிருந்தது. பக்கத்தில் இன்னொன்று. இரண்டையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே ஓடி வந்தேன். தவுக்கே ஒன்றை வாங்கிக் கட்டைவிரலால் மூடியை அமுக்கினார். அது உள்ளே போய்த் திரும்பவும் டப்பென்று வெளியே வந்தது. அவர் லாரிக்காரனிடம் கையைத் தாழ்த்தி, இறக்கு என்று காட்டினார். இன்னொரு டின்னை மடியில் வைத்துக்கொண்டு நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஃபிட்டர் மெஷினைத் திறந்து, உருளை தளர்ந்திருக்கிறது என்றார். எப்படித் தளர்ந்தது என்று தவுக்கே கேட்டபோது பையன் என்னைப் பார்த்தான். "ஓடி ஓடித் தேய்ஞ்சிருக்கும்" என்றேன். அதோடு பழுதைக் கண்டுபிடித்த பெருமை ஃபிட்டருக்குப் போனது. அன்றிலிருந்து எந்தச் சரக்கும் பாய்லர் அறையில் காத்திருந்த பிறகுதான் கப்பல் ஏறியது. அதற்கென்று ஓர் அறை, மேசை, படித்த அதிகாரி எல்லாம் வந்தன. அவர் நல்ல மனிதர், குறை சொல்ல மாட்டேன். அவருக்குக் கீழே கடைசிவரை கம்பியோடு நின்றவன் நான்தான். கடைசிவரை பயமும் போகவில்லை.

அந்தக் கம்பெனி சமீபத்தில் தன் வரலாற்றை மலராகப் போட்டிருக்கிறது. பேரன் வாசித்துக் காட்டினான். சோதனைப் பகுதியை நிர்வாகம் தொலைநோக்கோடு தொடங்கியது என்று ஒரு வரி. தொலைநோக்காம்! கப்பல் என்ன உன் மாமனாருடையதா என்று கேட்ட நிர்வாகம்.

இத்தனை காலம் நான் பேசாமல் இருந்தது அந்தப் பையனுக்காக. அவன் இப்போது மார்சிலிங்கில் மகள் வீட்டில் இருக்கிறான், அவனுக்கே பேரன் பேத்தி. போய்க் கேட்டேன். "இனிமே யாரு என்னை வேலையை விட்டுத் தூக்கப்போறா? தாராளமா எழுதுங்கண்ணே. என் பேரை மட்டும் போட்டுறாதீங்க லா" என்றான்.

அவன் பெயரைப் போடவில்லை. ஆனால் மலர் போட்டவர்களே, அடுத்த முறை அச்சடிக்கும்போது அந்த வரியை எடுத்துவிடுங்கள். தட்டுமேசையில் நின்ற ஒருவன் சரக்கை நிறுத்தி, டின்னைச் சூட்டில் வைத்துப் பார்க்கச் சொன்னான், அதிலிருந்துதான் இந்தப் பகுதி தொடங்கியது என்று எழுதுங்கள். பக்கத்தில் என் பெயரைப் போடுங்கள். பெரிய எழுத்தில்.