மலை வெடிப்புக்குள் நான் விட்ட கை

பேய், பிசாசு என்று யாராவது கதை தொடங்கினால் எழும்பிப் போய்த் தேத்தண்ணி போடுகிற ஆள் நான். ஊரில் சண்டை நடந்த காலம், செல் வந்து விழுகிற நேரம் பங்கருக்குள் பூரானோடு விடிய விடியக் கிடந்தவன், ரொறன்ரோவுக்கு வந்து ஸ்காபரோவில் முதல் இருந்த பேஸ்மென்டில் கரப்பானைச் செருப்பால் அடித்துக்கொண்டே சோறு தின்றவன். பேய்க்கும் பயமில்லை, பூச்சிக்கும் பயமில்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்த எனக்கு நடந்ததைத்தான் சொல்கிறேன். நம்புவதும் விடுவதும் உங்கள் விருப்பம். நீங்கள் சிரிப்பீர்கள் என்றும் தெரியும். ஆனால் இதில் பேய் இருக்கிறதோ இல்லையோ, என்னுடைய வெட்கக்கேடு இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு காலமும் வாய் திறக்கவில்லை.

தொண்ணூற்றேழாம் ஆண்டு. சிற்றிசன்ஷிப் கிடைத்து முதல்முதல் பாஸ்போர்ட் கையில் வந்த வருடம். என் மனைவி வதனிக்கு ஒரே அண்ணன், ராஜன், லொஸ் ஏஞ்சலிஸில் இருந்தார். பத்து வருடமாக அண்ணனும் தங்கச்சியும் போனில் மட்டும்தான். பிக்கரிங்கில் நான் வேலை செய்த பாக்டரியில் இரண்டு கிழமை லீவு எடுத்துக்கொண்டு போனோம். ராஜன் மச்சானுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். நாலு நாள் வீட்டில் விருந்து, ஐந்தாம் நாள் எங்களைத் தன்னுடைய வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு அரிசோனாப் பக்கம் பாலைவனம் காட்டப் புறப்பட்டார்.

கண்ணுக்கு எட்டிய தூரம் சிவப்பு நிலம். அதன் நடுவில் ஒரு வெடிப்பு. மேலே நின்று பார்த்தால் ஒரு எட்டில் தாண்டிவிடலாம் போலிருக்கும், கீழே நாலைந்து பனை ஆழம். மழை வெள்ளம் பாறையை அறுத்து அறுத்து உண்டான ஒடுங்கிய பாதை என்று மச்சான் சொன்னார். அவருக்கு முழங்கால் வருத்தம், வானிலேயே இருந்துவிட்டார். பக்கத்துப் பள்ளத்தில் இறங்கிப் பத்து நிமிடம் நடந்து வெடிப்பின் வாசலுக்கு நானும் வதனியும் போனோம். டோர்ச் லைற் என்னுடைய கையில்.

மத்தியானம் பன்னிரண்டு மணி, வெளியில் கண் கூசுகிற வெயில். உள்ளே போகப் போக வானம் ஒரு நூல் மாதிரி ஆகி, பிறகு அதுவும் இல்லை, மேலே பாறை ஒன்றையொன்று மூடிக்கொண்டது. பக்கவாட்டில் திரும்பித்தான் நடக்கலாம், நெஞ்சு ஒரு சுவரில், முதுகு மற்றச் சுவரில். இரண்டு இடத்தில் வழி கிளை பிரிந்தது. ஒரு இடத்தில் நிலத்தில் கிணறு மாதிரி ஒரு குழி, கல்லைப் போட்டேன், விழுந்த சத்தம் வரக் கொஞ்ச நேரம் எடுத்தது. காலை எட்டி வைத்து நான் கடந்து, கையை நீட்டி வதனியையும் கடத்தினேன். அவள் அதற்குப் பிறகு என் கையை விடவில்லை.

இன்னும் கொஞ்சத் தூரம் போயிருப்போம். சுவரில் சாய்ந்த என் முழங்கை புதைந்தது. பாறையில் எப்படிக் கை புதையும்? டோர்ச்சைத் திருப்பினேன். சுவர் முழுக்க மயிர். கறுத்த, நீளமான, அடர்த்தியான மயிர். அது மூச்சு விட்டது. மிளகளவு உடம்பும் தலைமயிர் போல நீண்ட கால்களும் உள்ள பூச்சிகள், சிலந்தி மாதிரி, ஆயிரமோ பத்தாயிரமோ, ஒன்றின் மேல் ஒன்று பின்னிப்பிடித்துக்கொண்டு இருந்தன. வெளிச்சம் பட்டதும் எல்லாம் ஒன்றாக ஏறி இறங்கின, ஒரே தாளத்தில், யாரோ சொல்லிக்கொடுத்த மாதிரி. பிறகு பொலபொலவென்று கொட்டின. கழுத்துக்குள், காதுக்குள், வாய்க்குள்.

அந்த நேரம் நான் செய்ததைத்தான் சொல்ல வேண்டும். வதனி எனக்குப் பின்னால் நின்றாள், வெளியே ஓடவேண்டும் என்றால் அவளைத் தாண்ட வேண்டும். நான் அவளை அந்தப் பூச்சிச் சுவரோடு வைத்து நெரித்துக்கொண்டு தாண்டினேன். அவள் என் கையை விடாமல் இறுக்கிப் பிடித்தாள். உதறினேன். திரும்பவும் பிடித்தாள். இந்த முறை டோர்ச்சால் அவள் விரலில் அடித்து விடுவித்துக்கொண்டு ஓடினேன். குழியை எப்படித் தாண்டினேன் என்று தெரியாது. வெயிலுக்குள் வந்து விழுந்த பிறகுதான், டோர்ச் என் கையில் இருப்பதைக் கண்டேன்.

உள்ளே அவள் இருட்டில். குழி இருக்கிறது, பிழையான கிளைகள் இருக்கின்றன. எழும்பினேன், வாசல்வரை போனேன், கால் போகவில்லை. கூப்பிடக் குரல் வரவில்லை. மச்சானிடம் ஓடியிருக்கலாம், ஓடினால் தங்கச்சியை விட்டுவிட்டு வந்தேன் என்று சொல்லவேண்டும். அதனால் ஒன்றும் செய்யாமல் ஒரு கல்லில் குந்தியிருந்தேன். மணிக்கூட்டைப் பார்த்தபடி நாற்பது நிமிடம்.

வதனி வந்தாள். வலது கையை முன்னால் நீட்டிக்கொண்டு, கண் தெரியாத ஆளை யாரோ கூட்டிவருவது போல, மெல்ல நடந்து வந்தாள். தலைமயிரில் இரண்டு மூன்று பூச்சி. முகத்தில் பயம் இல்லை. என்னைக் கண்டதும் சிரித்தாள்.

"எப்பிடி எனக்கு முன்னாலை இவ்வளவு கெதியா வந்து இருந்திட்டியள்? அந்தக் கடைசி வளைவு வரைக்கும் கையைப் பிடிச்சுக்கொண்டுதானே வந்தனீங்கள்."

அவளே தொடர்ந்து சொன்னாள். முதலில் நான் பயந்து ஓடியது அவளுக்கு மறக்கவில்லை, ஆனால் கொஞ்ச நேரத்தில் நான் திரும்பி வந்தேனாம். வெளிச்சத்துக்குப் பூச்சி கலையும் என்று டோர்ச்சை நூர்த்துப்போட்டு இருட்டிலேயே வந்தேனாம். கிளை பிரிகிற இடங்களில் நின்று நின்று கூட்டிவந்தேனாம்.

"குழியடியிலை 'வதனி, காலை எட்டி வையும்' எண்டியள். கலியாணம் கட்டி ஆறு வருஷத்திலை இண்டைக்குத்தான் என்ர பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறியள்."

அது உண்மை. நான் அவளை 'இஞ்சேரும்' என்றுதான் கூப்பிடுவேன், பெயர் சொல்லிப் பழக்கமில்லை. இப்போது நான் சொல்லியிருக்க வேண்டும், அது நான் இல்லை என்று. "ஓம்" என்றேன். அந்த ஒரு சொல்தான்.

வண்டியில் ஏறியதும் அவள் அண்ணனுக்கு எல்லாவற்றையும் சொன்னாள், நான் ஓடியதை மட்டும் விட்டுவிட்டு. மச்சான் வானை ஓரத்தில் நிறுத்தி, திரும்பி என் தோளைப் பிடித்தார். கண் கலங்கியிருந்தது. நான் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பயத்தில் அவளுக்கு மனம் அப்படி ஒரு கற்பனை செய்திருக்கும் என்று நீங்கள் சொல்லப்போகிறீர்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன், ரொறன்ரோவுக்குத் திரும்பிவரும் பிளேன் வரை. அவள் ஜன்னலோரம் நித்திரை. சட்டைக் கை மேலே ஏறியிருந்தது. வலது மணிக்கட்டில் நாலு விரலும் ஒரு பெருவிரலும் பதிந்து இரத்தம் கட்டின கண்டல், நீலம் பாரித்துக் கிடந்தது. நான் பிடித்ததாகத்தான் இருக்கும் என்று என் கையை அதன்மேல் மெல்ல வைத்துப் பார்த்தேன். என் விரல்கள் எட்டவில்லை. ஒவ்வொரு விரலும் ஒரு கணு குறைவு. கையை எடுத்துவிட்டு, தரையிறங்கும் வரை மடிக்குள் வைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு பிறந்தநாள் வீடு, பெண்பிள்ளைகளின் சாமத்தியவீடு, எங்கே போனாலும் வதனிக்கு இந்தக் கதைதான். பெண்கள் என்னை ஒரு மாதிரி மரியாதையாகப் பார்ப்பார்கள். என்ன மனிசன் பாருங்கோ என்று தங்கள் புருஷன்மாருக்குக் காட்டுவார்கள். ஒஷாவாவில் ஒரு வீட்டில், இரண்டு கிளாஸ் உள்ளே போன பிறகு, நானே அந்தக் கதையைச் சொன்னேன். குழியடியில் எப்படி நின்றேன், எப்படிப் பிடித்தேன் என்று கையால் செய்தும் காட்டினேன். வதனி அந்தப் பக்கம் சோபாவில் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் மனம் கேட்காமல், நாலோஒன்று ஹைவேயில் காரில் வரும்போது தொடங்கினேன். "இஞ்சேரும், அண்டைக்கு அது நான் இல்லை," என்றேன். அவள் கையை நீட்டி ரேடியோவை நிற்பாட்டினாள். பிறகு, "அதை ஏன் இப்ப கதைக்கிறியள், ரோட்டைப் பாருங்கோ," என்றாள். அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பூச்சி இப்போது என்னை ஒன்றும் செய்வதில்லை. வேறொன்றுதான். பனி கொட்டுகிற மாரி காலத்தில் றிச்மண்ட் ஹில் கோயிலுக்குப் போனால், பார்க்கிங் முழுக்கக் கண்ணாடி மாதிரி ஐஸ். விழுந்துவிடுவாள் என்று அவளுடைய இடது பக்கம் போய்க் கையைப் பிடிப்பேன். பிடிக்க விடுவாள், ஆனால் பாரத்தை என் பக்கம் போடமாட்டாள். வலது கை முன்னால் கொஞ்சம் நீண்டிருக்கும், விரல்கள் எதையோ பற்றிக்கொண்டது போல மடிந்திருக்கும். அப்படிச் செய்வது அவளுக்கே தெரியாது என்று நினைக்கிறேன். நான் இரண்டு தரம் சறுக்கி விழுந்திருக்கிறேன். அவள் ஒரு தரமும் விழுந்ததில்லை.