மகளின் பபூன் சொந்தங்கள்

லண்டன் லூயிஷாமிலிருந்து புறப்படும்போது மனைவி எனக்குத் தந்த வேலை ஒன்றுதான்: மகளைக் கையோடு கூட்டி வருவது. தர்சினி கென்யாவில் பபூன் குரங்குகளை ஆராயப் போய் இரண்டு ஆண்டுகளாகின்றன. இன்னும் மூன்று ஆண்டுகள் இருக்கச் சொல்லி ஆய்வு நிலையத்தார் கேட்டிருக்கிறார்கள். திங்கட்கிழமைக்குள் அவள் பதில் சொல்ல வேண்டும். 640 பவுணுக்கு டிக்கெட் எடுத்தேன். குரங்கு பார்க்க இவ்வளவு செலவழித்த முதல் யாழ்ப்பாணத்தான் நானாகத்தான் இருப்பேன்.

வெள்ளி காலை நைரோபியில் இறங்கினேன். அங்கிருந்து அவள் வேலை செய்யும் நன்யுக்கி ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டர். அவள் அனுப்பிய காரில் நான்கு மணி நேரம். மகளைக் கூட்டிப்போக வந்திருக்கிறேன் என்று ஓட்டுநரிடம் சொன்னேன். "அவர் குரங்குகளை விட்டு வரமாட்டார்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சனி, காலை 6.15. ஒரு பாறைக் குன்றின் அடியில் நின்றோம். சிறுத்தைக்குப் பயந்து பபூன்கள் இரவில் அதன் உச்சியில்தான் உறங்குகின்றன. வெயில் பட்டதும் ஒவ்வொன்றாக இறங்கி வந்து, ஒன்றின் மயிரை மற்றது கோதத் தொடங்கின. எனக்கு எல்லாம் ஒரே முகம். தாயின் முதுகில் சவாரி செய்த குட்டி ஒன்றைக் காட்டி, தாய் தகப்பன் யாரென்று அறிய நம்மவர் எங்கு போனாலும் கேட்கும் கேள்வியையே கேட்டேன்.

"இது ஆற்றை பிள்ளை?"

"அப்பா, எங்கட வேலையே அதுதான்" என்றாள் தர்சினி. தாய், தாயின் தாய், சித்தி என்று எல்லோரையும் காட்டினாள். பெண் குட்டிக்குத் தாயின் அந்தஸ்துதானாம். பெரிய வீட்டுக் குட்டி வந்தால் வயதான குரங்கும் எழுந்து இடம் விடுகிறது. மத்தியானத்துக்குள் பதினொரு குரங்குகளின் பூர்வீகம் எனக்குப் பாடமாகிவிட்டது.

"பொம்பிளைப் பிள்ளையள் சாகுமட்டும் தாயோடைதான். வளந்த ஆம்பிளையள்தான் வேற கூட்டம் தேடிப் போவினம்."

"பாத்தியோ, குரங்குக்கே தெரியுது" என்றேன், நல்ல பிடி கிடைத்த சந்தோஷத்தில். அவள் நோட்டுப்புத்தகத்தில் ஏதோ குறித்துக்கொண்டாள்.

ஞாயிறு, காலை 9 மணி. கூட்டத்துக்கு முப்பது மீட்டர் தள்ளி ஓர் இளம் ஆண் குரங்கு தனியே உட்கார்ந்திருந்தது. வேறு கூட்டத்திலிருந்து வந்து இரண்டு மாதமாம். கிட்டப் போனாலே பெரிய ஆண்கள் துரத்திவிடும். அன்று அது ஒரு பெண் குரங்கின் பக்கத்தில் மெல்லப் போய், உதடுகளைப் படபடவென்று அசைத்தது. அது சினேகத்துக்கு அடையாளம். பெண் குரங்கு கொஞ்சம் யோசித்துவிட்டு, கோதிவிடு என்பதுபோல முதுகைத் திருப்பிக் கொடுத்தது.

திரும்பிப் பார்த்தால் தர்சினி அழுதுகொண்டிருக்கிறாள்.

"ரெண்டு மாசமாப் பாத்துக்கொண்டிருந்தனான் அப்பா."

என் முப்பது வருட வேலையில் நான் எதற்கும் இப்படிச் சந்தோஷப்பட்டு அழுததில்லை. எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

"இங்கை நிக்கத்தான் விருப்பமோ?"

"ஓம். அம்மாவுக்கு என்னெண்டு சொல்லுறது?"

"அதை என்னட்டை விடு" என்றேன். சொன்ன பிறகுதான் மனைவி தந்த வேலை நினைவுக்கு வந்தது.

செவ்வாய் மாலை ஹீத்ரோவில் மனைவி எனக்குப் பின்னால் வருகிறவர்களையே பார்த்துக்கொண்டு நின்றார். தர்சினி வரவில்லை என்றேன். வீட்டுக்குப் போகும் ரயிலில் அவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். தயார் செய்து வைத்திருந்த விளக்கமெல்லாம் எனக்கு மறந்துபோயிற்று. போனில் இருந்த ஒரு படத்தை எடுத்து நீட்டினேன்: பாறையடியில் நோட்டுப்புத்தகத்துடன் தர்சினி, முகமெல்லாம் புழுதி, வாய் நிறையச் சிரிப்பு.

இரண்டு ஸ்டேஷன் கடந்தும் மனைவி போனைத் திருப்பித் தரவில்லை.

"வீட்டிலை இவள் இப்பிடிச் சிரிச்சு நான் பாக்கேல்லை" என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அடுத்த மாசம் நான் அவளைப் பாக்கப் போறன். நீங்கள் வீட்டைப் பாத்துக்கொண்டு நில்லுங்கோ."