பலகையின் கடைசி வரி

இரண்டு மொழிகள் சந்திக்கும் எல்லை ஊரில் பலகை எழுதும் பெயின்டருக்கு ஆங்கிலம் அறவே தெரியாது. ஆனால் ஆங்கிலம் இல்லாமல் அங்கே ஒரு பலகையும் நட முடியாது. இந்தப் பக்கம் அவர்கள் எழுத்தை ஏற்றமாட்டார்கள். அந்தப் பக்கம் நம் எழுத்தை ஏற்றமாட்டார்கள். வீம்பில் இரண்டு பக்கமும் சளைத்ததில்லை. வருகிறவர் போகிறவர் என்ன பாவம் செய்தார்கள் என்று, இரண்டு பக்கமும் கடைசியில் ஒரு வரி ஆங்கிலம் போட்டார்கள்.

பெயின்டர் அந்த வரியைத் தாளில் பார்த்து அப்படியே வரைவார். ஆஸ்பத்திரிப் பலகை ஊர் முழுக்க அவர் கைதான். அதில் ஆங்கில வரியின் முதல் எழுத்து, அவர் கண்ணுக்கு ஒரே படி வைத்த ஏணி.

"படிக்கத் தெரியாத எழுத்துக்கு இத்தனை பவுசா?" என்று மனைவி கிண்டலடிப்பார்.

"கோணலா இருந்தா என்னைத்தான திட்டுவாங்க?" என்பார் இவர்.

ஒருநாள், அந்தப் பக்கம் வாக்கப்பட்ட கொழுந்தியாளைப் பார்த்துவிட்டு, இருவரும் பஸ்ஸுக்கு நடந்து வந்தார்கள். உச்சி வெயில். கடைகள் அடைத்துக் கிடந்தன, தெருவில் ஈ காக்கை இல்லை. மூன்று சாலை கூடும் இடத்தில் மனைவி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். உடம்பெல்லாம் வேர்வை.

"ஏங்க, மூச்சு முட்டுது."

பெயின்டர் நாலாபுறமும் பார்த்தார். எதிரே ஒரு பலகை நின்றது. மேல்வரிகள் புரியாத எழுத்து. கடைசி வரியில் அந்த ஏணி! அதற்குப் பின்னால் வந்த எழுத்துகளும் அவர் கை ஆயிரம் தடவை வளைந்து பழகியவை. அம்புக்குறி வலது பக்கம் காட்டியது. மனைவியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். திருப்பத்திலேயே ஆஸ்பத்திரி.

அங்கே நம் பேச்சு தெரிந்த நர்ஸ் ஒருவர் இருந்தார். "நல்ல வேளை, உடனே கொண்டு வந்தீங்க. இனி பயமில்ல" என்று அவர் சொன்னது வயிற்றில் பால் வார்த்தது.

வீட்டுக்கு அனுப்பிய அன்று, அதே முச்சந்தியில் பெயின்டர் நின்றுவிட்டார். பலகையின் ஓரத்தில், எழுதினவர்கள் எல்லாரும் போடுவதுபோல, பொடியாக ஒரு கையெழுத்து. அந்தப் பக்கத்து எழுத்து. இவருக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த ஆளுக்கும் ஆங்கிலம் தெரியுமோ தெரியாதோ, ஏணி மட்டும் இம்மியும் கோணவில்லை. பெயின்டருக்குக் கண் கலங்கியது. கை கூப்பினார்.

"யாரக் கும்புடுறீங்க? இங்க கோயில் எதுவும் இல்லையே" என்றார் மனைவி.

"நம்ம ஆளு ஒருத்தரு" என்றார் பெயின்டர்.