பானை ஸ்பீக்கரில் புகுந்த பாம்பு

எங்கள் பாகூர் வீட்டுப் படுக்கையறை ஒரு கட்டில் போட்டாலே நிரம்பிவிடும். அதற்குள் டேப் ரெக்கார்டர் பாட்டை நெஞ்சு அதிரக் கேட்க எனக்கு ஆசை. பானை வாயில் பெரிய ஸ்பீக்கரைப் பொருத்தினால் பேஸ் சத்தம் பிரமாதமாக வரும் என்றார்கள். சந்தையில் இருந்த பானைகளையெல்லாம் தட்டிப் பார்த்து ஒன்று வாங்கினேன். மறுநாள் டவுனுக்குப் போய் ஸ்பீக்கர் வாங்கி வந்து, வந்த வேகத்தில் மாட்டிப் பாட்டைப் போட்டேன்.

மேளம் அதிரும்போதெல்லாம் பானைக்குள் சரசரவென்று ஒரு சத்தம். பாம்பேதான்! இந்தத் தொந்தியோடு கட்டில்மேல் எப்படித் தாவினேனோ, தெரியாது.

"மல்லிகா, உள்ள வராதடி! பானையில பாம்பு!"

வந்துவிட்டாள். "இன்னாங்க, ஆடுறதுக்குக் கட்டில்தான் கெடைச்சுதா?" என்றபடி ஸ்பீக்கரைத் தூக்கிவிட்டுப் பானைக்குள் கையை விட்டாள். எனக்கு உயிரே போய்விட்டது. குதித்து இறங்கி அவள் இடுப்பைப் பிடித்து இழுத்தேன். அவள் கையோடு வந்தது ஒரு பிடி நிலக்கடலை.

"புதுப்பானை சும்மா கெடக்குதேன்னு காலையில வெதை மல்லாட்டையக் கொட்டி வச்சேன். சரி, இடுப்ப விடுங்க, புள்ளைங்க வர்ற நேரம்."

இப்போதெல்லாம் பானைக்குள் கைவிட்டுப் பார்க்காமல் நான் பாட்டுப் போடுவதில்லை. கை மல்லிகாவுடையது. இடுப்பைப் பிடித்துக்கொள்ளும் பொறுப்பு மட்டும் என்னுடையது.