மைதீன் பாய் பிரித்துக் கொடுத்த இழைப்புளிகள்

வெள்ளிக்கிழமை காலை என் லேத் பட்டறை ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தேன். அறுவடை மிஷின் தண்டு ஒன்றை வாசலில் இறக்கிவிட்டு, மதியத்துக்குள் வேண்டும் என்று டிரைவர் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். அப்போதுதான் மைதீன் பாயின் மகள் யாஸ்மின் போன் செய்தாள். "மாமா, அத்தா மௌத்தாயிட்டாங்க. பஜ்ரு தொழுகைக்கு எழுப்பப் போனேன். எந்திரிக்கலை." அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. டிரைவரிடம் வேறு பட்டறை பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஷட்டரை இறக்கினேன். சற்று நேரம் வாசல்படியிலேயே உட்கார்ந்திருந்தேன். அழுகை வரவில்லை.

கும்பகோணத்தில் மைதீன் பாயைத் தெரியாத தச்சர்கள் குறைவு. தச்சுவேலைக்கு வெளியே அவரைத் தெரிந்தவர்களும் குறைவுதான். அந்த இரண்டாம் வகையினருக்காக இதை எழுதுகிறேன்.

பழைய இரும்பு இழைப்புளிகளைச் சரிசெய்வதுதான் அவர் தொழில். மரத்தைச் சீவி வழவழப்பாக்கும் கருவி இழைப்புளி. வெள்ளைக்காரன் காலத்தில் கப்பலில் வந்திறங்கிய வார்ப்பிரும்பு இழைப்புளிகள் எங்கள் பக்கத்தில் இன்னும் நிறைய வீடுகளில் கிடக்கின்றன. ஒன்றில் கத்தி இருக்காது, ஒன்றில் கைப்பிடி உடைந்திருக்கும், ஒன்றில் சின்னத் திருகாணி ஒன்று தொலைந்து மொத்தமும் வீணாகியிருக்கும். அவற்றுக்கு உதிரிப் பாகம் எந்தக் கடையிலும் கிடைக்காது. பாய் தேடிக் கண்டுபிடிப்பார். கிடைக்காததை என்னிடம் கொண்டுவருவார்.

முதன்முதலில் அவர் வந்தது ஒரு குறுவை அறுவடைக் காலம். டிராக்டர், பம்புசெட் சாமான்கள் குவிந்து, சாப்பிட நேரமில்லாமல் லேத்தின் முன் நின்றுகொண்டிருந்தேன். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் கைக்குட்டையை விரித்து, சுண்டுவிரல் நகம் அளவுக்கு உடைந்த திருகாணித் துண்டு ஒன்றைக் காட்டினார்.

"இதே மாதிரி ஒண்ணு வெட்டித் தரணும் தம்பி."

"கடையில வாங்கிக்கங்க பாய். இருக்கிற வேலையே தலைக்கு மேல நிக்குது."

"கடையில இருந்தா உங்களத் தேடி வருவேனா? இது அந்தக் காலத்து மரை. இப்ப வர்ற ஸ்க்ரூ ரெண்டு சுத்து உள்ள போகும், அப்பறம் நின்னுரும். முறுக்கினா பாடி வெடிச்சுரும்."

போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் எண்ணெய் டின் மேல் அமர்ந்து காத்திருந்தார். சாயங்காலம் வேறு வழியில்லாமல் பல்சக்கரங்களை மாற்றிப் போட்டு வெட்டிப் பார்த்தேன். முதல் இரண்டும் சேரவில்லை. மூன்றாவது உட்கார்ந்தது. அவர் அதைப் போட்டுக் கழற்றி, மறுபடி போட்டுப் பார்த்துவிட்டு, "பெத்த புள்ள மாதிரி போய் ஒட்டிக்கிச்சு" என்றார். அன்று முதல் மாதத்தில் ஒரு நாளாவது அந்த டின் மேல் அவர் உட்கார்ந்திருப்பார்.

இளம் வயதில் தச்சராக இருந்தவர் அவர். துபாயில் பல வருடம் கதவு, ஜன்னல் வேலை பார்த்துவிட்டு, சர்க்கரை வியாதியோடு திரும்பி வந்தார். நின்று மரம் அறுக்க உடம்பு இடம்கொடுக்காததால் இந்த வேலைக்கு வந்ததாகச் சொல்வார். துணிப்பை ஒன்றை மாட்டிக்கொண்டு டவுன் பஸ்ஸில் மன்னார்குடி, மயிலாடுதுறை, நாகப்பட்டினம் என்று பழைய இரும்புக் கடைகளாக ஏறி இறங்குவார். குவியலில் ஒரு மேல்மூடியோ பாதிக் கத்தியோ கிடைத்தால் அன்றைக்கு அவர் குரலே வேறு. ஒன்றும் கிடைக்காத நாள்தான் அதிகம். அப்போது என் பட்டறைக்கு வந்து, "அலஞ்சதுதான் மிச்சம்" என்று செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் தேய்த்துக்கொள்வார்.

வெடித்த வார்ப்பிரும்பைப் பித்தளை வைத்து ஒட்டும் வேலையையும் நாங்கள் சேர்ந்துதான் செய்தோம். சூடு சட்டென்று இறங்கினால் ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி வெடித்துவிடும். அரிசி ஆலையிலிருந்து உமிச் சாம்பல் கொண்டுவந்து, அதில் புதைத்து ஆறவிடுவோம். மறுநாள் எடுத்துத் தட்டிப் பார்ப்போம். பாதிக்குப் பாதி வெடித்திருக்கும். "சரி, அது விதி அவ்வளவுதான்" என்று எடுத்து ஓரமாக வைப்பார்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் பிடிவாதக்காரர். எல்லாப் பாகமும் சரியாக இருக்கும் இழைப்புளியை உதிரிக்காகப் பிரிக்கவே மாட்டார். எத்தனை பேர் கேட்டாலும், "முழுசா இருக்கிறத உடைக்கக் கூடாதுங்க. எத்தனையோ கைமாறி உசுரோட வந்து சேர்ந்திருக்கு" என்பார். அப்படிச் சேர்ந்தவற்றை வீட்டு அலமாரியில் எண்ணெய் பூசி வைத்திருந்தார். சென்னையில் பழங்கருவிகள் சேகரிக்கும் ஒருவர் அவற்றை மொத்தமாக வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். பாய்க்கு அப்போது வலது கண் மங்கிக்கொண்டு வந்தது. சர்க்கரையால் வந்த கோளாறு, தள்ளிப்போடக் கூடாது, ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று தஞ்சாவூரில் டாக்டர் சொல்லியிருந்தார். அலமாரியை விற்று ஆபரேஷன் என்பது அவர் மனைவி பாத்திமாவின் முடிவு. பாயும் ஒப்புக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில்தான் புயல் வந்தது. எங்கள் பக்கம் மரங்கள் விழுந்ததோடு போயிற்று. தெற்கே திருத்துறைப்பூண்டிப் பக்கம் கூரைகளே இல்லை. சில நாள் கழித்து அங்கிருந்து முருகையன் என்ற தச்சர் பாய்க்குப் போன் செய்தார். வீட்டுக்கு வீடு கதவும் நிலையும் வேண்டும், மரத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் கரண்டு வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும் என்கிறார்கள், மின்சார இழைப்புளி இருந்தும் பிரயோசனமில்லை. "பரண்ல கெடந்த பழசெல்லாம் எடுத்திருக்கோம் பாய். ஒண்ணுகூட முழுசா இல்ல. நீங்க வந்தாத்தான் உண்டு."

நிவாரண அரிசி ஏற்றிப்போன வேனில் நாங்கள் இருவரும் போனோம். ஒரு கல்யாண மண்டபத்தின் வாசலில் பாய் துணியை விரித்து உட்கார்ந்தார். தச்சர்கள் சாக்கில் போட்டுக் கொண்டுவந்தார்கள். துருவை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தேய்க்கும் வேலை எனக்கு. பாய் ஒவ்வொன்றாகப் பார்த்து, பையிலிருந்து பொருந்துவதை எடுத்து மாட்டினார். மறுநாள் மத்தியானத்துக்குள் பை காலி. வெயிலில் இன்னும் நிறையப் பேர் நின்றார்கள். அவர்களில் பலர் வீட்டில் அடுப்பு எரிந்து நாளாகியிருந்தது.

பாய் அந்த வரிசையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வீட்டுக்குப் போன் போட்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"பாத்திமா, அலமாரில இருக்கிறத நம்ம ஊர் வேன் வருதுல்ல, அதுல ஏத்திவிடு."

"எதை?"

"எல்லாத்தையும்."

அந்த அம்மா கேட்ட கேள்வி என் காதிலும் விழுந்தது. "அப்ப கண்ணுக்கு என்ன பண்றதா உத்தேசம்?"

"இன்னொரு கண்ணு இருக்குல்ல" என்றார் பாய்.

அடுத்த நாள் காலை அவை வந்தன. ஒவ்வொன்றும் பழைய வேட்டித் துணியில் சுற்றியிருந்தது. அவர் திருப்புளியைக் கையில் எடுத்தார். நான் செய்கிறேன் என்று வாங்கப் போனேன். "வேண்டாம் தம்பி. சேத்தது நான். நானே பிரிக்கிறேன்" என்றார். ஒன்றைப் பிரித்தால் இரண்டு மூன்று பேருக்கு ஆயிற்று. கத்தி ஒருவருக்கு, மூடி ஒருவருக்கு, திருகாணிகள் வேறொருவருக்கு. சாயங்காலம் துணி மேல் வெறும் கூடுகள் மட்டும் கிடந்தன. யாரும் பெரிதாக நன்றி சொல்லவில்லை. வாங்கியவுடன் வேலைக்கு ஓடினார்கள். அவரும் எதிர்பார்க்கவில்லை. சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு, "தூக்கம் வருது" என்றார்.

சென்னைக்காரர் வெறும் கூடுகளை வாங்கவில்லை. ஆபரேஷன் தள்ளிப்போனது. ஒன்றரை வருடத்துக்குள் வலது கண் முற்றிலும் போய்விட்டது. ஒருமுறை வீட்டுக்குப் போயிருந்தபோது பாத்திமா அம்மா எனக்குக் காபியை வைத்துவிட்டுச் சொன்னார். "ஊருக்கெல்லாம் கரண்டு வந்துருச்சுண்ணே. இவங்க கண்ணுக்குத்தான் வரல." பாய் தலையைக் குனிந்துகொண்டார். அந்த அம்மா சொன்னதில் தவறில்லை.

அதன்பின் தனியாகப் பஸ் ஏறுவது அவருக்குச் சிரமமாகிவிட்டது. ஓய்வு கிடைத்தால் நான் கூடப் போவேன். ஒருநாள் மன்னார்குடியில் பழைய இரும்புக் கடை ஒன்றில் அவர் குவியலைத் துழாவிக்கொண்டிருந்தார். ஓர் இழைப்புளியைக் கையிலெடுத்துத் தடவியவர் அப்படியே நின்றுவிட்டார். அதன் கைப்பிடி அவரே வேங்கை மரத்தில் செதுக்கியது. மண்டபத்து வாசலில் பிரித்துக் கொடுத்த கத்தியும் அதிலேயே இருந்தது. யார் போட்டது என்று கேட்டோம். தெற்கேயிருந்து ஒரு பையன், மலேசியாவுக்குப் போகிறானாம், வீட்டிலிருந்த சாமானையெல்லாம் எடைக்குப் போட்டுவிட்டுப் போனான் என்றார் கடைக்காரர்.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. "இவனுக்காகவா கண்ண விட்டீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

பாய் இழைப்புளியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "துபாய்க்குப் போறப்ப நானும் என்னோடத இப்படித்தான் வித்தேன் தம்பி. ஏர்போர்ட்டுக்கு வேன் வாடகை கொடுக்கணும். வேற என்ன இருந்துச்சு கையில?"

அதைத் திரும்ப விலைக்கு வாங்கிக்கொண்டு பஸ் ஏறினோம். நீடாமங்கலம் தாண்டும்வரை அவர் அதை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டே, "ஆனா வலிக்கத்தான் செய்யுது" என்றார். அவரைப் பெரிய தியாகியாக்கி யாராவது பேசினால் எனக்கு அந்தப் பஸ்தான் ஞாபகம் வரும். கொடுத்ததற்கு அவர் வருந்தினார். மறுபடி கேட்டிருந்தால் மறுபடி கொடுத்திருப்பார். இரண்டும் உண்மை.

கடைசி வருடம் சிறுநீரகமும் கெட்டு, தஞ்சாவூருக்கும் வீட்டுக்குமாக அலைந்தார். அவர் போவதற்கு முந்தின வாரம் பார்க்கப் போயிருந்தேன். முகம் வீங்கியிருந்தது. "மிஷின் வேலையெல்லாம் ஓஞ்சுதா?" என்று கேட்டார். இன்னும் இருக்கிறது என்றேன். "நீங்களும் கொஞ்சம் உக்காருங்க தம்பி. எந்நேரமும் நின்னுக்கிட்டே இருக்கீங்க" என்றார். அவர் என்னிடம் பேசியது அதுதான் கடைசி.

அந்த வெள்ளிக்கிழமையே ஜும்ஆ தொழுகை முடிந்து அடக்கம் செய்தார்கள். முருகையனும் இன்னும் சில தச்சர்களும் வேன் பிடித்து வந்திருந்தார்கள். வேலையைப் பாதியில் விட்டு வந்ததால் ஒருவர் தலைமுடியில் மரத்தூள் அப்படியே இருந்தது. நாங்களும் வரிசையில் நின்று மண் போட்டோம்.

நேற்று யாஸ்மின் ஓர் ஆட்டோவில் மூன்று சாக்குகளோடு பட்டறைக்கு வந்தாள். "அத்தாவோட சாமான். அம்மா கொடுத்துட்டு வரச் சொன்னாங்க மாமா. எடைக்குப் போட அவங்களுக்கு மனசு வரல."

பட்டறையில் எனக்கே நடக்க இடமில்லை. முதுகும் முன்போல இல்லை. இருந்தாலும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இறக்கினோம். ஒரு சாக்கின் வாய் அவிழ்ந்து திருகாணிகளும் உடைந்த கத்திகளும் தரையில் சிதறின. அவள் குனிந்து பொறுக்கிக்கொண்டே கேட்டாள். "இதெல்லாம் இனிமே யாருக்கு ஆகும் மாமா?"

"தெரியலம்மா. யாராவது வருவாங்க."

மூன்று சாக்கையும் மேற்குச் சுவரோரம் பலகை போட்டு அதன்மேல் வைத்திருக்கிறேன், பாய். மழைச் சாரல் அங்கே வராது. நீங்கள் படுத்துக்கொள்ளுங்கள். கேட்டு வருகிறவர்களுக்கு நான் தேடிப் பார்க்கிறேன்.